லாஜிஸ்டிக்ஸ், விநியோகச் சங்கிலி மேலாண்மை: பல்கலைக்கழகத்தில் படிக்க விரும்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பொருள் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பி வாங்குபவரின் கையை அடையும்வரை ஆகும் மொத்தக் காலத்தைப் பிரித்துக் கணக்கிட்டால், பெரும்பாலான சரக்குகள் நகரும் நேரத்தைவிட நிற்கும் நேரமே அதிகம் என்பது தெரியவரும். கிடங்கின் அடுக்குகளிலும், துறைமுக முற்றத்திலும், சுங்க அனுமதிக்கான வரிசையிலும், யாரோ ஒருவர் ஒப்புதல் தர வேண்டிய ஓர் ஆவணத்துக்காகவும் அவை காத்துக் கிடக்கின்றன. லாரி, கப்பல், விமானம் என்று நகர்வைப் பற்றிப் படிக்கப்போகிறோம் என்ற எண்ணத்தோடு இந்தத் துறைக்கு வரும் மாணவர், முதல் ஆண்டு முடிவதற்குள் சரக்கு ஏன் நிற்கிறது, யாருடைய நிச்சயமின்மைக்காக நிற்கிறது, அப்படி நிற்பதன் செலவு யார் தலையில் விழுகிறது என்ற கேள்விகளுக்கு வந்து சேர வேண்டும். இந்தக் கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பவருக்குப் பாடத்திட்டத்தின் தனித்தனிப் பாடங்கள் தாமாகவே ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும். பாடத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் முதல் வேலையில் சேர்வது வரை, இந்த நோக்கிலிருந்தே கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: எந்தத் துறையின் வாசல் வழியாக நுழைவது

லாஜிஸ்டிக்ஸ் என்பது சரக்கைச் சேமிப்பது, எடுத்துச் செல்வது, சேர்ப்பது, தேவைப்பட்டால் திரும்பக் கொண்டுவருவது ஆகியவற்றைத் திட்டமிட்டு நடத்துவது. விநியோகச் சங்கிலி மேலாண்மை அதைவிட அகலமானது. மூலப்பொருள் கொள்முதல், உற்பத்தித் திட்டம், தேவைக் கணிப்பு, விற்பனையாளர்களோடும் வாடிக்கையாளர்களோடும் செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள், பல நிறுவனங்களுக்கிடையே ஓடும் தகவலும் பணமும் என அனைத்தும் அதில் அடங்கும். 1982-இல் கீத் ஆலிவர் என்ற மேலாண்மை ஆலோசகர் பயன்படுத்திய பிறகே ‘விநியோகச் சங்கிலி மேலாண்மை’ என்ற பெயர் பொது வழக்குக்கு வந்தது. வேலை பழையது, அதை ஒரே பொறுப்பாகப் பார்க்கும் பார்வைதான் புதியது.

பட்டத்தின் பெயர் ஒன்றாகவே இருந்தாலும், அது எந்தத் துறையின் கீழ் நடத்தப்படுகிறது என்பதைப் பொறுத்துப் படிப்பின் உள்ளடக்கம் வெகுவாக மாறிவிடுகிறது. வணிக மேலாண்மைத் துறையின் கீழ் நடப்பவை கொள்முதல், ஒப்பந்தம், சந்தை, நிதி ஆகியவற்றுக்கு முதலிடம் தருகின்றன. தொழிற்சாலைப் பொறியியல் துறையின் கீழ் நடப்பவை புள்ளியியல், உகப்பாக்கம் (கட்டுப்பாடுகளுக்குள் மிகச் சிறந்த விடையைக் காண்பது), உருவகப்படுத்தல் (நடப்பதைக் கணினியில் போலியாக ஓட்டிப் பார்ப்பது) என்று கணிதத்தின் பக்கம் சாய்கின்றன. கடல்சார் அல்லது போக்குவரத்துத் துறையின் கீழ் நடப்பவை துறைமுகம், கப்பல் வாடகை, சரக்குச் சட்டம், சுங்கம் ஆகியவற்றை ஆழமாகக் கற்பிக்கின்றன. மூன்றில் எதையும் தாழ்ந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் கணிதம் பிடிக்காத ஒருவர் இரண்டாவதிலும், எண்களோடு உட்கார்ந்து வேலை செய்ய விரும்பும் ஒருவர் முதலாவதிலும் சேர்ந்துவிட்டால், மூன்று நான்கு ஆண்டுகள் இருவருக்கும் சுமையாகிவிடும்.

எனவே விளம்பரக் கையேட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, செமஸ்டர் வாரியான பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். புள்ளியியல் எத்தனை செமஸ்டர்களுக்கு இருக்கிறது, இருப்பு மேலாண்மை தனிப் பாடமா அல்லது வேறொரு பாடத்தில் ஓர் அலகு மட்டுமா, கணக்கியல் உண்டா, கட்டாயத் தொழிற்பயிற்சி எத்தனை வாரம், இறுதியாண்டு புராஜெக்ட் ஒரு நிறுவனத்தின் உண்மையான தரவோடு நடக்கிறதா என்ற கேள்விகளுக்கு அதில் விடை தேடுங்கள். இவற்றுள் மிகுந்த எடை தர வேண்டியது தொழிற்பயிற்சிக்குத்தான். எட்டு வாரங்களுக்குக் குறைவாக அது இருக்கும் படிப்பைத் தேர்ந்தெடுக்குமுன் இரண்டு முறை யோசிக்கச் சொல்வேன்.

இரண்டாம் படி: வகுப்பு தொடங்குமுன் செய்ய வேண்டிய தயாரிப்பு

உயர்கணிதம் தெரிந்திருக்க வேண்டும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. உண்மையில் அன்றாடம் தேவைப்படுவது சராசரி, திட்ட விலக்கம், இயல்நிலைப் பரவல், நிகழ்தகவு, நேரியல் சமன்பாடுகள் ஆகியவைதான். இவற்றைச் சூத்திரமாக மனப்பாடம் செய்யாமல், திட்ட விலக்கம் இரண்டு மடங்கானால் கிடங்கில் என்ன நடக்கும் என்று சொல்லத் தெரியும் அளவுக்குப் புரிந்துகொண்டால் போதும்.

எக்செல் விரிதாளை இப்போதே நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள், ஓர் அட்டவணையிலிருந்து மற்றோர் அட்டவணைக்கு விவரங்களைத் தேடி எடுக்கும் லுக்கப் வகைச் சூத்திரங்கள், சிறந்த விடையைத் தேடித் தரும் சால்வர் என்ற கூடுதல் கருவி ஆகிய மூன்றும் கைவந்திருந்தால் முதல் ஆண்டின் ஒப்படைப்புகளில் பாதி வேலை குறையும். அழுக்கான தரவைச் சுத்தம் செய்யும் பழக்கமும் கூடவே வேண்டும். ஒரே பொருள் மூன்று விதமான பெயர்களில் பதிவாகியிருப்பதும், தேதிகள் நாள்–மாதம் இடம் மாறிக் கிடப்பதும், எடை சில இடங்களில் கிலோவிலும் சில இடங்களில் பெட்டிக் கணக்கிலும் இருப்பதும் இந்தத் தொழிலில் அன்றாட நிலைமை.

மூன்றாம் படி: முதல் ஆண்டில் கணக்கியலைக் கைவிடாதீர்கள்

முதல் ஆண்டில் பொருளியல், புள்ளியியல், மேலாண்மை அறிமுகம், கணக்கியல் ஆகியவை வரும். இவற்றுள் மாணவர்கள் தேர்ச்சிக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துபோவது கணக்கியல். ஆனால் கிடங்கில் அடுக்கி வைத்திருக்கும் ஒவ்வொரு பெட்டியும் நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் முடங்கிக் கிடக்கும் பணம் என்பதை அந்தப் பாடம்தான் சொல்லித் தருகிறது.

ஒரு நிறுவனம் சரக்கைச் சராசரியாக 60 நாள் வைத்திருக்கிறது, விற்ற பின் வாடிக்கையாளரிடமிருந்து பணம் வர 45 நாள் ஆகிறது, தனக்குச் சரக்கு தந்தவருக்கு 30 நாளில் பணம் கொடுத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பணம் 60-உம் 45-உம் கூட்டி 30 கழித்த 75 நாட்களுக்கு வெளியே நிற்கிறது. கிடங்கு மேலாளர் இருப்பை 60 நாளிலிருந்து 40 நாளாகக் குறைத்தால், அவர் நிதித்துறைக்கு 20 நாள் பணத்தை விடுவித்துத் தருகிறார். இந்தக் கணக்கைத் தெளிவாக எடுத்துச் சொல்லத் தெரிந்தவரின் பேச்சுக்குத்தான் நிர்வாகக் கூட்டங்களில் செவிசாய்ப்பார்கள்.

ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய எளிய விதியையும் இதே கட்டத்தில் படித்துவிடுங்கள். ஓர் அமைப்புக்குள் சராசரியாக இருக்கும் எண்ணிக்கை, அதில் நுழையும் வேகத்தை உள்ளே இருக்கும் சராசரிக் காலத்தால் பெருக்கியதற்குச் சமம். 6,000 பாலெட்டுகள் (பெட்டிகளை அடுக்கித் தூக்கும் தட்டுகள்) இருக்கும் கிடங்கில் நாளொன்றுக்கு 200 பாலெட்டுகள் வந்து 200 வெளியேறினால், ஒரு பாலெட் சராசரியாக 30 நாள் தங்குகிறது. எந்தக் கிடங்குக்குள் நுழைந்தாலும் இரண்டு எண்களைக் கேட்டு மூன்றாவதை நீங்களே சொல்லிவிட முடியும்.

நான்காம் படி: இருப்பு மேலாண்மையை அடித்தளமாகக் கொள்ளுங்கள்

இந்தப் படிப்பில் எந்த ஒரு பாடத்துக்கு மிகுந்த நேரம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டால், தயங்காமல் இருப்பு மேலாண்மை என்பேன். சரக்கு ஏன் நிற்கிறது என்ற கேள்விக்கு எண்ணால் விடை தரும் பாடம் இதுதான்.

ஃபோர்டு ஹாரிஸ் 1913-இல் வெளியிட்ட சிக்கன ஆர்டர் அளவுச் சூத்திரத்திலிருந்து இது தொடங்குகிறது. ஆண்டுத் தேவையையும் ஒரு முறை ஆர்டர் போடும் செலவையும் பெருக்கி, அதை இரட்டித்து, ஓர் அலகை ஓராண்டு வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். ஆண்டுத் தேவை 10,000 அலகு, ஆர்டர் செலவு 200, வைத்திருப்புச் செலவு 4 என்றால் விடை 1,000. ஆண்டுக்குப் பத்து ஆர்டர். ஆர்டர் செலவு 2,000, வைத்திருப்புச் செலவு 2,000, மொத்தம் 4,000.

பெரும்பாலான மாணவர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பாடத்தின் பயனுள்ள பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. 1,000-க்குப் பதிலாக 1,500 அலகு ஆர்டர் போட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஆர்டர் செலவு ஏறத்தாழ 1,333 ஆகவும் வைத்திருப்புச் செலவு 3,000 ஆகவும் மாறி, மொத்தம் 4,333 வருகிறது. அளவில் 50 சதவீதம் விலகியும் செலவு சுமார் 8 சதவீதம்தான் கூடுகிறது. செலவுக் கோடு அடிப்பகுதியில் தட்டையாக இருப்பதால், சரியான எண்ணைத் துல்லியமாகப் பிடிப்பதைவிட அதன் அருகில் இருப்பதே முக்கியம் என்பதும், லாரி நிரம்புவதற்காகவோ முழு பாலெட்டாக வாங்குவதற்காகவோ அளவைச் சற்று மாற்றுவதில் பெரிய நட்டம் இல்லை என்பதும் இதிலிருந்து விளங்குகின்றன.

அடுத்தது பாதுகாப்பு இருப்பு. நாளொன்றுக்குச் சராசரித் தேவை 100 அலகு, அதன் திட்ட விலக்கம் 20, ஆர்டர் போட்டுச் சரக்கு வந்து சேர ஆகும் லீட் டைம் 9 நாள் என்று கொள்வோம். ஒன்பது நாட்களுக்கான திட்ட விலக்கம் 20-ஐ 9-இன் வர்க்கமூலத்தால் பெருக்கிய 60. சரக்கு தீர்ந்துபோகாமல் இருப்பதற்கு 95 சதவீத உறுதி வேண்டுமானால், இயல்நிலைப் பரவல் அட்டவணை தரும் 1.65-ஆல் பெருக்கி 99 அலகு கூடுதலாக வைக்க வேண்டும். 99 சதவீத உறுதிக்கு 2.33-ஆல் பெருக்கினால் 140 அலகு. கடைசி நான்கு சதவீத உறுதிக்காக நாற்பதுக்கும் மேற்பட்ட அலகுகள் கூடுதலாக நிற்கின்றன. எல்லாப் பொருளுக்கும் ஒரே சேவை நிலை, அதாவது சரக்கு தீராமல் இருப்பதற்கான ஒரே அளவு உறுதி, கேட்கும் விற்பனைத் துறைக்குச் சொல்ல வேண்டிய பதில் இந்த எண்ணில் இருக்கிறது.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். லீட் டைம் எப்போதும் 9 நாள் என்று இல்லாமல், சராசரி 9 நாளாகவும் அதன் திட்ட விலக்கம் 2 நாளாகவும் இருக்கட்டும். தேவையின் மாறுபாட்டிலிருந்து 9 × 400 = 3,600, லீட் டைமின் மாறுபாட்டிலிருந்து 100-இன் வர்க்கத்தை 2-இன் வர்க்கத்தால் பெருக்கிய 40,000; இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 209 வரும். 95 சதவீத உறுதிக்கான பாதுகாப்பு இருப்பு இப்போது சுமார் 345 அலகு, அதாவது முன்பிருந்ததைப் போல மூன்றரை மடங்கு. தேவையிலும் சராசரி லீட் டைமிலும் எந்த மாற்றமும் இல்லாமல், சரக்கு தருபவர் சொன்ன நாளில் வருவாரா என்ற ஐயம் ஒன்றே இவ்வளவு பெட்டிகளை அடுக்கில் நிறுத்தி வைக்கிறது. விலையைக் குறைத்துக் கேட்கும் கொள்முதல் அலுவலர், அதற்கு ஈடாக நம்பகத்தன்மை குறைந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அவர் மிச்சப்படுத்தியது கிடங்கு வாடகையில் போய்விடக்கூடும். இந்த ஒரு கணக்கை நீங்களாகவே ஒரு விரிதாளில் அமைத்து, எண்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு ஒரு மாலை நேரம் முழுவதையும் ஒதுக்குங்கள். ஓர் அத்தியாயத்தை வாசித்துக் கிடைப்பதைவிட அதிகம் கிடைக்கும்.

ஐந்தாம் படி: சங்கிலி முழுவதையும் பார்க்கப் பழகுதல்

1960-களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ‘பீர் விளையாட்டு’ உலகெங்கும் இந்தத் துறையின் வகுப்பறைகளில் ஆடப்படுகிறது. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என நான்கு பேர் வரிசையாக அமர்கிறார்கள். ஒருவருக்கொருவர் பேசக் கூடாது. ஆர்டர் சீட்டு மட்டுமே கைமாறும். போட்ட ஆர்டருக்கான சரக்கு சில வாரங்கள் கழித்தே வந்து சேரும். வாடிக்கையாளர் தேவை தொடக்க வாரங்களில் வாரத்துக்கு 4 பெட்டியாக இருந்து, பிறகு ஒரே ஒரு முறை 8-ஆக உயர்ந்து, கடைசிவரை அங்கேயே நிற்கிறது.

நடப்பதோ வேறு. கடைக்காரர் சரக்கு தீர்ந்துவிடுமோ என்று 8-க்கு மேல் ஆர்டர் போடுகிறார். மொத்த வியாபாரி அதைப் பார்த்து இன்னும் கூட்டுகிறார். தொழிற்சாலையில் இருப்பவருக்குத் தேவை பல மடங்கு பெருகிவிட்டதாகத் தோன்றுகிறது. தாமதமாகச் சரக்கு வந்து குவியும்போது எல்லோரும் ஆர்டரையே நிறுத்திவிட, தொழிற்சாலை வாரக்கணக்கில் வெறுமனே நிற்கிறது. ஆட்டம் முடிந்து உண்மையான வாடிக்கையாளர் தேவையைக் காட்டும்போது வகுப்பே சற்று நேரம் நம்ப மறுக்கும். ஒவ்வொருவரும் தம் இடத்திலிருந்து அறிவோடு நடந்துகொண்டும், முழுமையாகப் பார்த்தால் கூட்டாக ஒரு பெரும் வீணடிப்பை உருவாக்கியிருக்கிறார்கள்.

புல்விப் எனப்படும் இந்தச் சாட்டை விளைவுக்கு ஹவ் லீ, பத்மநாபன், வாங் ஆகியோர் 1997-இல் நான்கு காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தேவையைத் தனித்தனியாகத் திருத்திக் கணிப்பது, ஆர்டர்களைச் சேர்த்துவைத்து மொத்தமாகப் போடுவது, தள்ளுபடி போன்ற விலை ஏற்ற இறக்கங்கள், பற்றாக்குறைக் காலத்தில் பங்கீடு குறையும் என்று பயந்து தேவைக்கு மேல் கேட்பது ஆகியவை அவை. தேர்வுக்காக இந்த நான்கையும் எழுதிவிடலாம். ஆனால் ஒரு பற்றாக்குறைச் செய்தியைப் படிக்கும்போது இந்த நான்கில் எது இங்கே வேலை செய்கிறது என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம்தான் உங்களை இந்தத் துறைக்காரராக்கும்.

2021 மார்ச் 23 அன்று, 400 மீட்டர் நீளமுள்ள எவர் கிவன் கன்டெய்னர் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கி, 29-ஆம் தேதி மீட்கப்பட்டது. ஆறு நாள் தடை, நானூறு கப்பல்கள் அளவிலான காத்திருப்பு. ஒரு மாணவர் இதில் கவனிக்க வேண்டியது கால்வாய் திறந்த பிறகு நடந்ததை. இடைவெளி விட்டு வந்திருக்க வேண்டிய கப்பல்கள் கூட்டமாகத் துறைமுகங்களை அடைந்தபோது, நிறுத்துமிடமும் கிரேனும் முற்றமும் போதாமல், தடை விலகிய பின்னும் தாமதம் தொடர்ந்தது. காத்திருப்பைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டுப் பாடத்தில் வரும் கோடுகள் அந்த வாரங்களில் வரைபடத்திலிருந்து வெளியே வந்து நின்றன.

ஆறாம் படி: போக்குவரத்தும் ஆவணங்களும்

மால்கம் மெக்லீன் 1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 கன்டெய்னர்களை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாக ஆட்கள் தூக்கி ஏற்றிய வேலையை ஒரு பெட்டியாக கிரேன் தூக்கியது. துறைமுகத்தில் கப்பல் நின்றுகொண்டிருந்த நாட்கள் மணிகளாகச் சுருங்கின. நிற்கும் நேரத்தைக் குறைத்ததுதான் கன்டெய்னரின் வெற்றி.

போக்குவரத்துப் பாடத்தில் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைக் கையால் போட்டுப் பழகுங்கள். விமானச் சரக்கில் வழக்கமாக நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்துக் கன எடை காண்பார்கள். 60 × 50 × 40 அளவுள்ள பெட்டியின் கன எடை 20 கிலோ. உள்ளே 12 கிலோ பொருள்தான் இருக்கிறது என்றாலும் 20 கிலோவுக்குக் கட்டணம் விழும். பெட்டியின் உயரத்தை 30 சென்டிமீட்டராகக் குறைக்க முடிந்தால் கன எடை 15 கிலோவாகும். பேக்கிங் வடிவமைப்பும் போக்குவரத்துச் செலவும் வேறு வேறு மேசைகளில் தீர்மானிக்கப்படும் நிறுவனங்களில் இந்த ஐந்து கிலோ காற்று ஒவ்வொரு பெட்டியிலும் பறந்துகொண்டே இருக்கும்.

சர்வதேச வணிகத்தில், விற்பவர், வாங்குபவர் இருவரில் யார் எதுவரை செலவையும் இடரையும் ஏற்பது என்று வகுக்கும் இன்கோடெர்ம்ஸ் விதிகளை மேலோட்டமாகப் படிக்கக் கூடாது. சர்வதேச வணிகக் கழகம் 1936 முதல் வெளியிட்டுவரும் இந்த விதிகளின் 2020 பதிப்பில் பதினொன்று உள்ளன. ஏழு எல்லா வகைப் போக்குவரத்துக்கும், நான்கு கடல், உள்நாட்டு நீர்வழிகளுக்கு மட்டும். மாணவர்கள் அடிக்கடி இடறும் இடம் சி.ஐ.எஃப். (விலை, காப்பீடு, கப்பல் கட்டணம்) விதி. விற்பவர் சேருமிடத் துறைமுகம் வரை கப்பல் கட்டணமும் காப்பீடும் செலுத்துகிறார் என்பதால், அதுவரை சரக்குக்கு ஆகும் சேதமும் அவரையே சேரும் என்று எண்ணிவிடுகிறார்கள். கப்பலில் ஏற்றித் தருவதோடு விற்பவரின் பொறுப்பு முடியும் எஃப்.ஓ.பி.யில் போலவே சி.ஐ.எஃப்.பிலும் ஏற்றும் துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏற்றப்பட்டவுடனேயே இடர் வாங்குபவரிடம் போய்விடுகிறது. செலவு ஒரு புள்ளியிலும் இடர் இன்னொரு புள்ளியிலும் கைமாறுகின்றன. உரிமை எப்போது மாறுகிறது என்பதை இந்த விதிகள் சொல்வதே இல்லை. அதை ஒப்பந்தம்தான் சொல்ல வேண்டும்.

பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்குச் சீட்டின் மாதிரி ஒன்றை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். அது சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, ஏற்றிச் செல்லும் ஒப்பந்தத்துக்கான சான்று, சரக்கின் மீதான உரிமை ஆவணம் ஆகிய மூன்று வேலைகளையும் செய்கிறது. அதிலுள்ள எடை, பெட்டி எண்ணிக்கை, பொருள் விவரம் ஆகியவை இன்வாய்ஸோடும் பேக்கிங் லிஸ்டோடும் ஒத்திருக்கிறதா என்று சரிபார்க்கப் பழகுங்கள். இந்த மூன்று தாள்களுக்கிடையே ஓர் எண் முரண்பட்டால் கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும், வாடகை ஏறும். பொருள்களை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டின் முதல் ஆறு இலக்கங்கள் அந்த அமைப்பைப் பின்பற்றும் நாடுகள் அனைத்துக்கும் பொதுவானவை என்பதையும், அதற்குப் பின் வரும் இலக்கங்களை நாடுகள் தத்தமக்கெனச் சேர்த்துக்கொள்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏழாம் படி: உகப்பாக்கமும் மென்பொருளும்

நேரியல் நிரலாக்கம், போக்குவரத்துக் கணக்கு, வாகனத் தடத் திட்டம் ஆகியவை உகப்பாக்கப் பாடத்தில் வரும். ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறையைக் கையால் ஓரிரு முறை செய்து பார்த்தால் போதும். பிறகு சால்வரிலோ பைத்தானிலோ செய்துகொள்ளலாம். கணினி விடை தந்துவிடும். நடைமுறைச் சிக்கலைச் சமன்பாடாக எழுதுவதுதான் மனிதரின் வேலை. ஓட்டுநரின் வேலை நேர வரம்பு, குறிப்பிட்ட மணிக்குள் மட்டுமே சரக்கு இறக்க அனுமதிக்கும் வாடிக்கையாளர், குளிர்பதனப் பெட்டி தேவைப்படும் பொருள் என்று கட்டுப்பாடுகளைத் தவறவிடாமல் எழுதத் தெரிய வேண்டும்.

கொள்முதல், இருப்பு, கணக்கு என நிறுவனத்தின் வேலைகளை ஒரே அமைப்பில் இணைக்கும் இ.ஆர்.பி. மென்பொருள்களில் ஏதாவது ஒன்றில், கொள்முதல் கோரிக்கை முதல் பணம் செலுத்துவது வரையிலான ஒரு முழுச் சுற்றை நடத்திப் பார்த்திருந்தால் போதும். திரைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சுற்று மாறாது. தரவுத்தளத்திலிருந்து விவரங்களை எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல். கற்றுக்கொள்வது மட்டும் எங்கே போனாலும் உதவும்.

எட்டாம் படி: கிடங்கின் தரையில் நிற்பது

தொழிற்பயிற்சிக்குப் போகும் மாணவரை அலுவலக மேசையில் அமர்த்தி அறிக்கை தட்டச்சு செய்யவைக்கும் நிறுவனங்கள் உண்டு. பணிவோடு, ஆனால் தெளிவாக, முதல் இரண்டு வாரங்களாவது சரக்கு வரவு மேடையில் நிற்க அனுமதி கேளுங்கள்.

லாரி வந்து மேடையில் பின்னோக்கி ஒட்டி நிற்கும் கணத்திலிருந்து கவனியுங்கள். அது வாசலில் பதிவான நேரத்துக்கும் மேடைக்கு வந்த நேரத்துக்கும் இடையே எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். முத்திரை எண் ஆவணத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே உடைப்பார்கள். கதவு திறந்ததும் பெட்டிகள் சாய்ந்து கிடந்தால் முதலில் புகைப்படம், பிறகுதான் இறக்குதல். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் பாலெட்டை எடுத்து வைக்க, ஒருவர் ஸ்கேன் செய்ய, கணினியில் ஆர்டரில் இல்லாத ஒரு பொருள் எண் தட்டுப்படும்போது வேலை அப்படியே நிற்கும். அந்த பாலெட் ஓரமாக ஒதுக்கப்பட்டு, கொள்முதல் பிரிவுக்கு மின்னஞ்சல் போய், பதில் வரும்வரை அங்கேயே இருக்கும். அந்த ஓரத்தில் எத்தனை பாலெட்டுகள், எந்தத் தேதியிலிருந்து நிற்கின்றன என்று தினமும் எண்ணுங்கள். அந்த நிறுவனத்தின் நோய் எங்கே இருக்கிறது என்பதை அந்த மூலையே சொல்லிவிடும்.

தரையில் வேலை செய்பவர்களிடம் மரியாதையோடு பேசுங்கள். கணினியில் இருப்பதாகக் காட்டும் பொருள் உண்மையில் எந்த அடுக்கில் தவறி வைக்கப்பட்டிருக்கும் என்பதும், எந்தப் பெட்டி அடியில் வைத்தால் நசுங்கும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். பாதுகாப்புக் காலணி, ஒளிரும் மேலங்கி, ஃபோர்க்லிஃப்ட் பாதையில் குறுக்கே நடக்கக் கூடாது என்ற விதி ஆகியவற்றை ஒரு நாளும் தளர்த்த வேண்டாம்.

ஒன்பதாம் படி: இறுதியாண்டு புராஜெக்ட்

“மின்வணிகத்தில் விநியோகச் சங்கிலியின் பங்கு” போன்ற தலைப்புகளைத் தவிருங்கள். அவற்றுக்கு விடை ஏற்கெனவே தெரியும், அல்லது விடையே கிடையாது. ஒரு கிடங்கில் ஒரு பொருள் குழுவின் பாதுகாப்பு இருப்பு ஏன் கணக்கிட்டதைவிட அதிகமாக இருக்கிறது, வரவு மேடையில் லாரி காத்திருக்கும் நேரத்தில் எவ்வளவு பங்கு ஆவணக் குறைபாட்டால் வருகிறது என்பன போன்ற, ஓர் எண்ணில் தொடங்கி ஓர் எண்ணில் முடியும் கேள்விகளை எடுங்கள். சங்கிலியின் நான்கு கட்டங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே 95 சதவீதம் சரியாக இயங்கினாலும், எல்லாம் ஒருசேரச் சரியாக அமைவது 81 சதவீத முறைதான் என்பது போன்ற எளிய கணக்கே சில நேரம் முழு ஆய்வுக்கும் முதுகெலும்பாக அமைந்துவிடும். நிறுவனத்தின் தரவைப் பயன்படுத்த எழுத்துப்பூர்வ அனுமதியை முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

பத்தாம் படி: சான்றிதழ்கள், மேற்படிப்பு, முதல் வேலை

விநியோகச் சங்கிலித் துறையின் தொழில்முறைச் சங்கமான ஏ.எஸ்.சி.எம். தரும் சி.பி.ஐ.எம்., சி.எஸ்.சி.பி. ஆகிய சான்றிதழ்களும், சரக்கு அனுப்பும் முகவர் தொழிலுக்கு அந்த முகவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபியாட்டாவின் பட்டயமும், போக்குவரத்துத் துறையில் 1919-இல் தொடங்கிய சி.ஐ.எல்.டி. அமைப்பின் தகுதிகளும் பல நாடுகளில் மதிக்கப்படுகின்றன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மைக்ரோமாஸ்டர்ஸ் இணையவழிப் படிப்பு கணித அடிப்படை உள்ளவர்களுக்கு நல்ல தேர்வு. ஆனால் பட்டம் முடிக்கும் முன்பே மூன்று நான்கு சான்றிதழ்களைச் சேர்த்துக்கொண்டு போவதில் பயன் குறைவு. எந்தப் பிரிவில் வேலை என்று தெரிந்த பிறகு அதற்கேற்ற ஒன்றை எடுப்பதே நல்லது. முதுநிலைப் படிப்பையும் இரண்டு மூன்று ஆண்டு அனுபவத்துக்குப் பின் எடுப்பவர்கள்தான் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

வேலைகள் தேவைத் திட்டம், கொள்முதல், கிடங்கு நடத்துதல், போக்குவரத்துத் திட்டம், சரக்கு முகவர் நிறுவனம், சுங்கம், தரவுப் பகுப்பாய்வு எனப் பலவாகப் பிரிகின்றன. கிடங்கிலும் போக்குவரத்திலும் ஷிப்ட் முறையும் பண்டிகைக் கால நெரிசலும் உண்டு. சரக்கு முகவர் தொழிலில் வேறொரு நேர மண்டலத்திலிருந்து நள்ளிரவில் அழைப்பு வரும். இதை முன்பே அறிந்து சேர்பவர்கள் நிலைத்து நிற்கிறார்கள்.

முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது பதவிப் பெயரைவிட, அந்த மேசை எந்த இரண்டு துறைகளுக்கு நடுவே இருக்கிறது என்பதைப் பாருங்கள். விற்பனைக்கும் உற்பத்திக்கும் நடுவே அமரும் தேவைத் திட்ட உதவியாளர், கொள்முதலுக்கும் கிடங்குக்கும் நடுவே அமரும் இருப்புக் கட்டுப்பாட்டாளர் போன்றவர்கள் சங்கிலியின் இரு பக்கத்தையும் ஒரே ஆண்டில் பார்த்துவிடுகிறார்கள். நேர்காணலில் கேள்வி கேட்க வாய்ப்புத் தந்தால், இந்தப் பதவியில் இருப்பவர் தாமே எடுக்கும் முடிவுகள் எவை, அதற்கான தரவு எந்த அமைப்பிலிருந்து வருகிறது, அந்தத் தரவு தவறாக இருந்தால் திருத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வரும் நிறுவனத்தில் சேருங்கள்.